வெயிலில் தெரியாத திரை

அந்த மத்தியானங்களில் என் போன் திரையில் எனக்குத் தெரிந்தது என் முகம் மட்டும்தான். வியர்த்து வழிகிற ஒரு முகம், அதற்குப் பின்னால் வெளுத்துப்போன வானம். அதற்குள்ளே எங்கேயோ ஒரு பச்சை வட்டம் இருக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் எனக்கு எதிரே நிற்கிற பெண்ணின் முகம் வந்து நிற்க வேண்டும். நின்றதும் கீழே "பதிவானது" என்றோ "பதிவாகவில்லை" என்றோ ஒரு வரி ஓடும். எந்த வரி ஓடியது என்று தெரியாமலேயே எத்தனையோ நாள் "சரி, போங்கக்கா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. என்மேல் இல்லை.

எம்.ரெட்டியபட்டி பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சோலார் பிளாண்ட் இருக்கிறது. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு பேனல்கள். வேலிக்கு வெளியே கருவேலங்காடு, வேலிக்கு உள்ளே ஒரு மரம் கிடையாது. மரம் இருந்தால் பேனல்மேல் நிழல் விழுமாம். அங்கே பெண்களுக்கு இரண்டு வேலை. விடிந்ததும் நீளக் கம்பு மாட்டிய துடைப்பானால் பேனல் மேல் படிந்த தூசியைத் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். வெயில் ஏறியதும் அதை நிறுத்திவிடுவார்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று பயம். அதற்கப்புறம் சாயங்காலம் வரை வரிசைகளுக்கு இடையே முளைத்திருக்கிற புல்லையும் முள்ளையும் வெட்டுகிற வேலை. கண்ணாடிக்கு ஆகாத நேரத்தில் மனுஷிகளுக்கு வேலை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் தோன்றவில்லை.

பெண்கள் கூட்டத்துக்கு நான் சூப்பர்வைசர். பி.காம் படித்திருக்கிறேன், கையில் ஸ்மார்ட்போன் இருக்கிறது, இந்த இரண்டும்தான் தகுதி. பாளையம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, இறங்குகிற இடத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். பேனல் பராமரிப்பை எடுத்திருந்த காண்ட்ராக்ட்காரர்கள் என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவிட்டார்கள். காலையில் கேட்டிலும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலை நடக்கிற இடத்திலும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் அதில் பதிய வேண்டும். மத்தியானத்தில் வேலை நடக்கிற வரிசையிலேயே நின்று எடுத்தால்தான் ஆப் ஒத்துக்கொள்ளும். மத்தியானப் பதிவு விழாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அன்று அரை நாள்.

காலைப் பதிவில் ஒரு தொந்தரவும் இல்லை. கேட்டில் காவலாளிக்கு ஒரு தகரக் கூரை போட்ட அறை உண்டு, அதன் நிழலில் நின்று எடுப்போம். விடிகாலை பஸ்ஸில் கண் கூசுகிறது என்று போன் வெளிச்சத்தைக் கம்மியாக வைத்திருப்பேன், அப்படியே கேட்டிலும் தெரியும். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், அவர்தான் முதலில் அந்த போனை "தானாக" என்கிற அமைப்பில் வைத்துக் கொடுத்தார். இருட்டில் குறைத்துக்கொள்ளும், வெளிச்சத்தில் கூட்டிக்கொள்ளும், நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். வீட்டுக்குள், பஸ்ஸுக்குள், கடைக்குள் எல்லாம் அப்படித்தான் நடந்தது. பங்குனி வெயிலில் இரண்டு பேனல் வரிசைகளுக்கு நடுவே நிற்கும்போது அது என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியாது, அதைச் செய்தவனுக்கும் தெரிந்திருக்காது.

பேனல் வரிசைக்கு நடுவே வெயில் மேலிருந்து மட்டும் வராது. பக்கவாட்டில் கண்ணாடியில் பட்டுத் திரும்பியும் வரும். முழு வெளிச்சத்துக்கு ஏற்றினால்தான் ஏதோ நிழலாட்டம்போலத் தெரியும். அதை ஏற்ற விரலால் தள்ளுகிற கோட்டைத் தேடுவதற்கே திரை தெரிய வேண்டுமே. நான் கண்ணை நம்புவதை விட்டுவிட்டு விரலை நம்பப் பழகினேன். மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, மறுபடி ஒரு இழுப்பு, பிறகு நடுவில் விரலை வைத்து வலது ஓரம் வரை ஒரே தள்ளு. சில நாள் விரல் தவறி போனைப் பேசாத மோடில் போட்டுவிடுவேன், சாயங்காலம் வரை வீட்டிலிருந்து வந்த அழைப்பு ஒன்றும் கேட்காது.

அப்படி ஏற்றி வைத்தாலும் நிற்காது. வெயிலில் பிடித்த போன் சீக்கிரமே வெந்நீர்ச் சொம்பு போலச் சுடும். சூடு ஏறினதும் அது தன் வெளிச்சத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். நான் கூட்டினால் அது குறைக்கும், மறுபடி கூட்டினால் மறுபடி குறைக்கும். இதை நான் ஒருநாள் பெண்களிடம் விளக்கிச் சொன்னபோது, கூட்டத்திலேயே மூத்தவரான அக்கா, திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறவர், அரிவாளை மண்ணில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"அப்ப அந்தப் போனுக்கு வெயிலு ஆகலன்னா அதுவாக் கண்ண மூடிக்கிரும். அத யாரும் ஏன்னு கேக்க மாட்டாக. அப்படித்தான?"

"ஆமாக்கா."

"நல்ல பொழப்புதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து புல்லை அறுக்கத் தொடங்கினார்.

அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாண்ட் தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலைக்கு இருந்தவர். அதிகம் பேச மாட்டார். சின்ன வயதிலிருந்து பருத்திக்காட்டில் கிடந்த உடம்பு, கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுந்து, வெயிலில் நிமிர்ந்து பார்த்தால் இமை இரண்டும் ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். இதுதான் பிறகு அவருக்கு வினையாக வந்தது.

முகம் பதிகிறபோது ஒரு சிக்கல் உண்டு. நான் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே நிற்பவர் முகத்தில் வெளிச்சம் நன்றாக விழும், ஆனால் என் கையில் இருக்கிற திரையில் வெயில் நேராக அடித்து ஒன்றும் தெரியாது. அவரும் வெயிலைப் பார்த்து நிற்பதால் கண்ணைச் சுருக்குவார், சுருக்கினால் "கண் மூடியிருக்கிறது" என்று ஆப் தள்ளிவிடும். நான் சூரியனைப் பார்த்து நின்றால் திரை கொஞ்சம் தெரியும், ஆனால் எதிரே நிற்பவர் முகம் கரிக்கட்டையாக விழும். "முகம் தெளிவில்லை" என்று அதையும் தள்ளும். உச்சி வெயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். பேனலுக்கு அடியில் நிழல் இருக்கிறது. ஆனால் அங்கே ஒதுங்கக் கூடாது, கரண்ட் ஒயர் ஓடுகிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டைக்கூட நாங்கள் வேலி ஓரத்தில், வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற கருவேல நிழலில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம்.

ஒருநாள் காலை சைட் என்ஜினீயர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் சின்னவர். அவருடைய ஆபீஸ் ஒரு இரும்புக் கன்டெய்னர், உள்ளே ஏசி. கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்குக் காட்டினார். அந்த அக்காவின் பெயருக்கு நேரே மத்தியானக் கட்டங்கள் வரிசையாகச் சிவப்பாக இருந்தன.

"இந்தம்மா மத்தியானம் வேலைக்கு இருக்கறதே இல்லீங்களா?"

"இருக்காங்க சார். தினமும் நான்தான பதிவு போடுறேன்."

"பதிவே விழலையேம்மா. சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிடறாங்க, நீங்க கண்டுக்கறதில்ல. அதானே?"

எனக்கு முதலில் அவர் சொல்வது புரியவே இல்லை. அவர் ஒவ்வொரு படமாகத் திறந்து காட்டினார். ஒன்றில் அக்காவின் தலையில் கட்டிய துண்டு மட்டும் இருந்தது. ஒன்றில் பாதி முகம். மற்றவற்றில் முழு முகமும் இருந்தது, ஆனால் கண்கள் இடுங்கி இரண்டு கோடுகளாக இருந்தன. அந்தக் குளிர்ந்த அறையில், அந்தப் பெரிய திரையில், எல்லாம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. அங்கேதான் நான் எடுத்த படங்களை முதல்முறையாக நான் பார்த்தேன்.

"சார், அந்த வெயில்ல திரை தெரியாது சார். பதிவானதா இல்லையான்னு எனக்கே தெரியல."

"ஏம்மா, பிரைட்னஸ் கூட்டி வைக்கத் தெரியாதா உங்களுக்கு? பி.காம் படிச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க?"

"கூட்டித்தான் சார் வைக்கிறேன்."

"கூட்டி வெச்சா ஏன் தெரியாது? எனக்குத் தெரியுதே." அதோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். விசாரித்து முடிக்கிற வரை அந்தம்மா வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அதுவும் நானே போய்ச் சொல்ல வேண்டுமாம்.

அக்கா வரிசையின் கடைசியில் துடைப்பானோடு நின்றிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண் கலங்குவார், சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். துடைப்பானைக் கழுவி, சாய்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டார்.

"நான் அறுத்த புல்லு அங்கன குமிச்சுக் கெடக்கே தாயி, அத ஒரு எட்டு வந்து பாக்கச் சொன்னியா?"

நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. திரும்ப ஓடிப்போய் என்ஜினீயரிடம் சொன்னேன். அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கையைக் காட்டிப் போகச் சொன்னார். அதற்குள் அக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகாமல் நேராக அருப்புக்கோட்டை டவுனுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாய் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வளைகுடா நாட்டில் கட்டட வேலை சைட்டுகளில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். போனைக் கொடுத்து, வெயிலில் தெரியவில்லை என்றேன். அவர் திரையைத் துடைத்தார், ஒட்டியிருந்த கண்ணாடியை உரித்துப் பார்த்தார், ஏதேதோ அழுத்திப் பார்த்தார்.

"போன்ல கோளாறு ஒண்ணும் இல்லம்மா. இதோட வெளிச்சமே இம்புட்டுத்தான். வீட்டுக்குள்ள பாக்குறதுக்குச் செஞ்ச போனு இது. வெயிலோட போட்டி போடாது."

"அப்ப எந்தப் போனு போடும்?"

அவர் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். பூட்டி வைத்திருந்த மேல் தட்டில் இருந்தன அவை. அவற்றின் விலையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று சொன்னார்.

"நான் இருந்த சைட்டுல இதே மாதிரி வெயிலுதான். இதவிட மோசம். அங்க ஆளு கணக்கு எடுக்க கம்பெனியே ஒரு மிஷினு குடுத்துருந்தாக. தடியா, ரப்பர் வச்சு, திரை பளிச்சுன்னு தெரியும். எங்க போன யாரும் தொடச் சொன்னதில்ல. அங்க எங்களுக்கு ஆயிரம் கஷ்டம் இருந்துச்சு, ஆனா இந்தக் கஷ்டம் இல்ல. நீ ஏம்மா ஒன் சொந்தப் போன வெயில்ல காய வைக்கிற?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. அந்த போனை நான் என் சீட்டுப் பணத்தில் வாங்கினேன். அதற்கு ரீசார்ஜ் நான் போடுகிறேன். அந்த ஆப் என் போனில் இடத்தை அடைத்துக்கொண்டு, என் மகளின் பள்ளிக்கூடப் படங்களை அழிக்கச் சொல்லிக் கேட்கிறது. வெயிலில் வைத்து வைத்து பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கிறது என்று பாய் சொன்னார். இவ்வளவுக்கும் பிறகு, பிரைட்னஸ் கூட்டத் தெரியாதா என்று என்னைக் கேட்டிருக்கிறான் ஒருவன். பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் அவரை "அவன்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "லோனு போட்டு ஒரு நல்ல போனா வாங்கிரலாமா?" என்றார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டை நான் அவரோடு பேசாமலே சாப்பிட்டேன்.

மறுநாள் வீட்டிலிருந்த பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானப் பதிவின்போது ஒரு பெண் குடையைப் பிடிக்க, நான் அதற்குள் தலையை நுழைத்து, துப்பட்டாவையும் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். தெரிந்தது. பச்சை வட்டம் தெரிந்தது, எழுத்துகூடத் தெரிந்தது. குடை நிழலில் நிறுத்தினால் எதிரே நிற்பவர்கள் கண்ணையும் திறந்தார்கள். முதல் பெண்ணுக்குப் பதிவானது, இரண்டாவது பெண்ணுக்கும் பதிவானது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மூன்றாவது பெண் வந்து நிற்பதற்குள் என்ஜினீயர் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். தலையில் ஹெல்மெட், கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"யார் இங்க குடை பிடிக்கச் சொன்னது? பேனல்மேல நிழல் விழுது பாருங்க. ஒரு மூலையில நிழல் விழுந்தாலே மொத்த வரிசைக்கும் கரண்ட் குறையும்மா. மடக்குங்க."

குடை பிடித்திருந்த பெண் பதறிப்போய் மடக்கினாள். பக்கத்திலிருந்த பேனலின் ஒரு ஓரத்தில் அந்த நிழல் விழுந்திருந்தது உண்மைதான். அவர் சொன்ன கணக்கும் உண்மையாகவே இருக்கும். ஆனால் எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சார், பேனலுக்கு நிழல் ஆகாது, போனுக்கு வெயில் ஆகாது. நாங்க என்ன சார் பண்றது? நீங்களே ஒரு பதிவு போட்டுக் காட்டுங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து தன் போனை எடுத்தார். அது வெயிலில் வந்ததும் திரை ஒரு நொடியில் விளக்கு ஏற்றினதுபோல ஏறியது. நான் நின்ற இடத்திலிருந்தே அதில் இருந்த எழுத்து தெரிந்தது. அதே ஆப், அதே பச்சை வட்டம். என்னைச் சூரியனுக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொன்னார், கண்ணைத் திறக்கச் சொன்னார், அழுத்தினார். பதிவானது.

"பாத்தீங்களா? ஆப்ல ஒண்ணும் பிரச்சனை இல்ல. வெயில்லயும் ஒண்ணும் பிரச்சனை இல்ல."

"அப்ப அந்தப் போன குடுங்க சார். இனிமே நான் அதுலயே போடுறேன்."

"இது என் பர்சனல் போன்மா."

"இதுவும் என் பர்சனல் போன்தான் சார்."

என் பின்னால் நின்ற பெண்களில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் முகம் மாறியது. நான் என் போனை அவர் கையில் கொடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள் என்றேன். வாங்கினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். போனைச் சாய்த்தார், நிமிர்த்தினார், உள்ளங்கையை மேலே கவித்தார், முதுகைத் திருப்பித் தன் நிழலுக்குள் வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில், இப்போது இந்த மனுஷருக்குப் புரிந்துவிடும் என்று நான் நம்பினேன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "இதெல்லாம் ஒரு போனா? நல்லதா ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்கம்மா. வேலைன்னு வந்தா அதுக்குத் தேவையானது வெச்சிருக்கணும்ல."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. காலையில் துடைத்த பேனல்மேல் அந்தப் புழுதி போய் உட்கார்ந்தது.

நான் அன்று மூன்றாவது பெண்ணுக்கும் அதற்கு அடுத்தவர்களுக்கும் பதிவு போடவில்லை. போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன். பெண்களிடம் சொன்னேன், நாளையிலிருந்து மத்தியானப் பதிவையும் கேட்டில் இருக்கிற தகரக் கூரை நிழலில்தான் போடுவேன், ஆப் ஒத்துக்கொண்டாலும் சரி, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சரி. எல்லாருக்கும் அரை நாள் போகலாம், சம்மதமா என்று கேட்டேன். தயங்குவார்கள் என்று நினைத்தேன். எப்போதும் சிரித்துப் பேசுகிற ஒரு பெண் மட்டும், "எங்க வீட்ல அவுக கேட்டா நீதான் வந்து பேசணும்" என்றாள். மற்றவர்கள், இன்றைக்கு அந்த அக்கா, நாளைக்கு யாரோ என்றார்கள்.

அந்த அக்காவுக்கும் நான் போன் போட்டேன். "நாளைக்கு மத்தியானம் கேட்டுக்கு வெளிய வந்து நில்லுங்கக்கா. உள்ள வர வேணாம்னுதான சொன்னாக, வெளிய நிக்க வேணாம்னு சொல்லல."

"வாரேன்" என்றார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அரிவாள்களைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு எல்லோரும் கேட்டுக்கு நடந்தோம். அந்தத் தகரக் கூரை நிழலில் வரிசையாக நின்றோம். வேலிக்கு வெளியே அக்கா, தலையில் துண்டோடு நின்றிருந்தார். நான் ஒவ்வொருவராகப் பதிவு போட்டேன். முகமெல்லாம் அருமையாக வந்தது, கண் திறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் "இடம் பொருந்தவில்லை" என்று ஆப் சொன்னது. சொல்வதை நான் தெளிவாகப் படித்தேன். காவலாளி வயதானவர், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், வேலிக்கு வெளியே நின்றவருக்கும் ஒரு செம்பு கொடுத்தார்.

என்ஜினீயர் வந்தார். வேலைக்குப் போகச் சொன்னார். பதிவு விழுந்ததும் போகிறோம் சார் என்றேன். இங்கே நின்றால் விழாது என்றார். அங்கே நின்றாலும் விழாது சார், அதைத்தான் நேற்றுப் பார்த்தீர்களே என்றேன். இது ஸ்ட்ரைக்கா என்று கேட்டார். இல்லை, அட்டெண்டன்ஸ் என்றேன். அன்று எனக்கு எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் யார் யாருக்கோ போன் போட்டார். சாயங்காலம் வரை ஒரு புல்லும் வெட்டப்படவில்லை.

அடுத்த நாளும் அப்படியே நின்றோம். அதற்கடுத்த நாள் காண்ட்ராக்ட்காரர்களின் மேனேஜர் மதுரையிலிருந்து காரில் வந்தார். என்ஜினீயரோடு கன்டெய்னருக்குள் ரொம்ப நேரம் பேசிவிட்டு வெளியே வந்து, இனிமேல் மத்தியானப் பதிவும் கேட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், ஆப்பில் இடத்தை மாற்றச் சொல்லியாகிவிட்டது என்றார். ஏதோ அவரே யோசித்துக் கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். அவ்வளவு சுலபமாக மாற்ற முடிகிற ஒன்றுக்காகவா ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினார்கள் என்று எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே வயிறு எரிந்தது.

"அந்த அக்கா?" என்றேன்.

"அவங்களும் வரட்டும்மா."

"அவுக மத்தியானமெல்லாம்? அந்தச் சிவப்புக் கட்டம்?"

"அது சிஸ்டத்துல ஏறினது. அதை மாத்த முடியாதும்மா. விட்ருங்க."

இடத்தை மாற்ற முடிந்த சிஸ்டம், ஒரு பெண் அங்கே நின்று வேலை பார்த்தாள் என்பதை மட்டும் மாற்றி எழுதாது. நான் அதைக் கேட்டேன். அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். "தப்பா நினைச்சுட்டோம்" என்று அந்த அக்காவிடம் அவரும் சொல்லவில்லை, என்ஜினீயரும் சொல்லவில்லை. எனக்கு, அவருடைய காசு போனதைவிட அதுதான் பெரிதாகப் பட்டது. அக்காவிடம் நான் அப்படிச் சொன்னபோது, "ஒனக்கு ரெண்டும் ரெண்டாத் தெரியுது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு, சாய்த்து வைத்திருந்த துடைப்பானைத் தேடிப் போனார். அதை வேறு யாரோ எடுத்திருந்தார்கள். புதிதாக ஒன்று வாங்கித் தரச் சொல்லி அவருக்காக நானே போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து கேட்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சூப்பர்வைசராக இருப்பவர்கள் வெயிலிலும் தெளிவாகத் தெரியக்கூடிய தரமான ஸ்மார்ட்போன் வைத்திருக்க வேண்டும், இல்லாதவர்கள் பொதுப் பணிக்கு மாற்றப்படுவார்கள் என்று இருந்தது. பதிவு நிழலுக்கு மாறிவிட்ட பிறகு அந்தப் போன் எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. அது யாருக்காக ஒட்டப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். நான் புல் வெட்டப் போயிருப்பேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தாளைத் தினமும் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் ஆப்பை என் போனிலிருந்து எடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டேன். இப்போது டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன்.

எனக்கு அடுத்து சூப்பர்வைசராக வந்த பெண்ணைப் போன மாதம் பாலவனத்தம் போகிற பஸ்ஸில் பார்த்தேன். கல்யாணம் ஆகாத பெண். கையில் புதுப் போன் வைத்திருந்தாள். ஜன்னல் வெயில் நேரே அடித்தும் திரை பளிச்சென்று தெரிந்தது.

"எப்ப வாங்குன ஆத்தா?" என்றேன்.

"வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வரச் சொன்னாகக்கா. லோனுலதான். இன்னும் கட்டி முடியல" என்றாள். பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "ஆனா நல்லாத் தெரியுதுக்கா" என்றாள்.

அவளிடம் என்ன சொல்வது. அவள்மேல் எனக்கென்ன கோபம். அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்காக, இப்போதும் மத்தியானத்தில் புல்தான் வெட்டுறாக என்றாள். நான் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. இறங்கி, பஸ் போகிற வரை ரோட்டோரம் நின்றேன். உடம்பெல்லாம் கொதித்தது.